என் சீதன அண்டாவில் ஒரு தொண்டிமுதல்

இன்று காலை என்னை முசுறு கடித்தது. கிணற்றோரத்து மாமரத்தில் தாழ்ந்து கிடந்த கிளையை ஒதுக்கப் போனேன். இலைகளை ஒட்டிக் கட்டியிருந்த எறும்புக் கூடு ஒன்று கையோடு பிய்ந்து வந்துவிட்டது. முழங்கை வரை சிவப்பாக ஏறின. உதறி, நசுக்கி, திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே வந்தால் கையில் அந்தப் புளித்த வாடை. முகர்ந்ததும் கடுப்பு மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவி தனியாக நின்று கையை முகர்ந்து சிரிக்கிறாளே என்று பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். கல்யாணம் முடிந்த புதிதில் என் கையில் மணத்தது மல்லிகை இல்லை, இந்த முசுறுதான் என்று அவளிடம் சொன்னால் புரியுமா? அதனால் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோதும் என் கடிதம் எதற்கும் நீங்கள் பதில் போட்டதில்லை. ஆகவே பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது நாம் கொல்லயிலில் குடியிருந்தோம். நீங்கள் வனக்காவலர், ஊருக்குக் 'கார்டு சார்'. நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். ஊர் முழுக்க எல்லைப் பேச்சு. நம் பகுதி தமிழர் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். சாயாக் கடையில் எந்தப் பாஷையில் சாயா கேட்கிறோம் என்பதை வைத்து ஆள் எந்தக் கட்சி என்று முடிவு கட்டினார்கள். நமக்கோ இரண்டும் வாயில் கலந்தே வரும். பாதி வாக்கியத்தில் கட்சி மாறிவிடுவோம். செங்கல் ஊரில் இருந்த என் அண்ணன் தங்கராசு தமிழ்ப் பக்கத்துக்கு நம் வட்டாரத் தலைவன். கையில் எந்நேரமும் கோஷம் போடுகிற தகரக் குழல் ஒன்று இருக்கும். வீட்டில் சோறு கேட்பதும் அதன் வழியாகத்தான் என்று அண்ணி சொல்லுவாள். அந்த வருஷங்களில் தடியடி பட்டவர்கள் உண்டு, குண்டு பட்டுச் செத்தவர்களும் உண்டு. அதைச் சொல்லும்போது நான் சிரிக்க மாட்டேன். ஆனால் அதே நாட்களில்தான் நம் வீட்டில் அழுங்கும் இருந்தது. அதைச் சிரிக்காமல் சொல்ல என்னால் ஆகாது.

பாறசாலையில் பஸ் நிற்கும் இடத்தில், மலையில் வேட்டைக்குப் போகிற செல்லையன் என்பவன் ஒரு சாக்கைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தானாம். சாக்கு தானாக உருண்டு ரோட்டைத் தாண்டப் பார்த்ததாம். நீங்கள் ஓடிப் போய் அதைப் பிடித்து அவிழ்த்தால் உள்ளே அழுங்கு, எறும்புத்தின்னி என்பார்களே, அது. எறும்பும் கறையானும் தின்று, யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாமல், உடம்பெல்லாம் செதிலாக மலையில் கிடக்கிற பிராணி. அந்தச் செதிலில் மோதிரம் செய்து போட்டால் மூலவியாதி போகும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் மூலம் போனதோ இல்லையோ, மலையில் அழுங்கு போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கறையான் புற்றுக்குப் புற்று அதன் நகத் தடம் கிடக்கும், இப்போது தேடினாலும் காணவில்லை என்று நீங்கள் அடிக்கடி சொல்லி வருத்தப்படுவீர்கள்.

ரிசர்வ் காட்டில் லைசென்ஸ் இல்லாமல் எந்த மிருகத்தையும் பிடிக்கக் கூடாது. அது சட்டம், நல்ல சட்டம். ஆனால் பிடிபட்ட பொருளைக் கேஸ் முடியும்வரை பத்திரமாக வைத்திருந்து கோர்ட்டில் காட்ட வேண்டும் என்பதும் சட்டம். அப்படி வைக்கிற பொருளுக்குத் தொண்டிமுதல் என்று பெயர். தேக்குத் தடி என்றால் ஆபீஸ் முற்றத்தில் போட்டால் கிடக்கும், மழை நனைந்தாலும் கோபித்துக்கொள்ளாது. தொண்டிமுதலுக்குப் பசித்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. ரேஞ்சு ஆபீஸ் கொட்டகையிலோ, கலவரத்துக்கென்று வந்த போலீஸ்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். உங்கள் மேலதிகாரி ரொம்ப நேரம் யோசித்து ஒரு வழி சொன்னார்: "தன்றெ வீட்டில் கொண்டு வச்சோ. சத்தாலும் சரி, ஓடியாலும் சரி, தன்றெ ஜோலி போகும்."

அப்படித்தான் ஒரு சாயங்காலம் சாக்கும் கையுமாக வந்து நின்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"என்னதாக்கும் இது?"

"தொண்டிமுதலாக்கும்."

"தொண்டிமுதல் எதுக்கு மூச்சு விடுது?"

"உயிருண்டு டீச்சரே, அதான்."

"என்ன தின்னும்?"

நீங்கள் மாமரத்தை அண்ணாந்து பார்த்தீர்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அடுத்த நாள் விடிந்ததும் எனக்குப் புரிந்தது. நீங்கள் கொக்கி கட்டிய தோட்டிக் கம்பால் கூடு பறிக்க, நான் கீழே பானையை ஏந்தி நிற்க, பாதி முசுறு பானைக்கும் மீதி என் மேலுமாக விழுந்தன. நம் மரம் தீர்ந்ததும் பக்கத்து வீட்டு மாமரம், பிறகு அடுத்த தெருவில் கொல்லா என்கிற முந்திரி மரங்கள். ஊர்க்காரர்களுக்கு முதலில் சந்தோஷம். புதிதாகக் கல்யாணம் ஆன கார்டும் டீச்சரும் மரம் மரமாகப் போய் இலவசமாக எறும்பு எடுத்துத் தருகிறார்களே! பள்ளிக்கூடத்தில் என் கை வீக்கத்தைப் பார்த்துவிட்டு ஹெட்மிஸ்டிரஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல அடிக்காரா?" என்று கேட்டார்கள். இல்லை, எறும்பு பிடிக்கிறோம் என்றேன். அடி வாங்கும் பெண்கள் என்னவெல்லாம் காரணம் சொல்கிறார்கள் என்பதுபோல அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நம் வீடோ சாணம் மெழுகிய மண்தரை. வந்த அன்றே அழுங்கு அடுப்படி மூலையில் தோண்டத் தொடங்கி, விடிவதற்குள் வால் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. உங்கள் உத்தியோகமே அந்தக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் வாலைப் பிடித்து இழுக்க, நான் உங்களைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக வெளியே எடுத்தோம். எடுத்ததை எங்கே வைப்பது? மரப்பெட்டியைக் கீறிவிடும். கூடையை ஒரு நிமிஷத்தில் பிரித்துவிடும். நீங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தீர்கள். உங்கள் கண் என் சீதனச் செம்பு அண்டாவில் போய் நின்றது.

அந்த அண்டாவுக்காக எங்கள் அப்பா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நான் கத்தினேன், அழுதேன், அம்மை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பெட்டியைக் கூட எடுத்தேன். நீங்கள் சமாதானம் சொல்லாமல் அண்டாவுக்குள் மண் நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். மேலே ஒரு பலகை, பலகையின் மேல் அம்மிக்கல். முதல் குட்டிப் பிள்ளையை அதில் தண்ணீர் சுட வைத்துக் குளிப்பாட்டுவாள் என்று என் அம்மை நினைத்துக் கொடுத்தனுப்பிய அண்டாவில் சர்க்கார் தொண்டிமுதல் சுருண்டு படுத்தது.

பிறகு செதில் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு போலீஸ்காரர். தொண்டிமுதல் பத்திரமாக இருக்கிறதா என்று சோதிக்க வந்ததாகச் சொன்னார். சோதித்தார். சோதித்து முடிந்த பிறகும் போகாமல் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "இத்தறை செதில் உண்டல்லோ, ஒரெண்ணம் குறஞ்சால் ஆரு அறியான்?" என்றார். அடுத்து ஆபீஸ் பியூன். அடுத்து கோர்ட்டு சேவகர். அதற்கடுத்து மலையாளப் பக்கத்துத் தலைவரான சாயாக் கடைக் குட்டப்பன் சேட்டன் முன்வாசலில் வந்து நிற்க, அண்ணனுடைய கொடி பிடிக்கிற ஆள் பின்வாசலில் வந்து நின்றான். எல்லை எங்கே என்பதில் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் மூலவியாதிக்கு மருந்து எது என்பதில் ஒன்றாக நின்றன. நீங்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னீர்கள். "செதிலும் நகமும் ஒரே சாதனமாக்கும். வேணுமெங்கி எனக்க நகத்தை வெட்டித் தாறேன்." குட்டப்பன் சேட்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையிலெயோ காலிலெயோ?" என்று கேட்டார்.

இதற்கு நடுவில் செல்லையன் தியாகியாகிவிட்டான். அதுவும் என் அண்ணன் வேலைதான். செல்லையனை அடைத்திருந்த அதே லாக்கப்பில் மறியல் செய்த நம் ஆட்களையும் அடைத்திருந்தார்கள். எல்லாரையும் ஒன்றாக வெளியே விட்டபோது அண்ணன் கூடை நிறைய மாலையோடு வாசலில் நின்றான். யார் மறியலுக்குப் போனவன், யார் அழுங்கு பிடித்தவன் என்று பார்க்கவில்லை; வெளியே வந்த கழுத்துக்கெல்லாம் மாலை விழுந்தது. செல்லையன் மறுக்கவில்லை. தோளில் தூக்கி ஊர்வலமாகப் போகும்போதும் மறுக்கவில்லை. அடுத்த நாள்தான் விஷயம் தெரிந்தது. போட்ட மாலையைத் திருப்பி வாங்கினால் கட்சிக்கு மானக்கேடு அல்லவா? ஆகவே தமிழன் ஒருவன் மேல் அழுங்கு பிடித்ததாகப் பொய்க் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று தீர்மானம் போட்டார்கள். கட்சியே வக்கீல் வைத்தது. நம் வீட்டு முன்னால் தகரக் குழலோடு அண்ணன் வந்து நின்றான்.

"மச்சான், ஒரு தமிழனைக் கம்பிக்குள்ள தள்ளிட்டு நீரு வீட்டுக்குள்ள இருந்து எறும்புத் தீனிக்குச் சோறு போடுதீரு. நீரு எந்தப் பக்கமாக்கும்?"

"அண்டாப் பக்கம். உள்ள வாரும், காப்பி குடிச்சிட்டுப் போய்க் கத்தலாம்" என்றீர்கள்.

அவன் வந்தான். காப்பி குடித்தான். அண்டாவை எட்டிப் பார்த்தான். போகும்போது என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தகரக் குழல் இல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அபூர்வம். "மக்கா, ஒரே ஒரு செதில். கட்சிக்கு இல்ல, எனக்காக்கும். மச்சானுக்குத் தெரியண்டாம்." கிணற்றடி பெருக்குகிற வாரியலை எடுத்துக் காட்டினேன். போய்விட்டான்.

கேஸ் மட்டும் நகரவில்லை. ஒரு வாய்தாவுக்கு வக்கீல்கள் வரவில்லை, பகிஷ்கரிப்பு. இன்னொரு வாய்தாவுக்கு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இன்னொரு நாள் எல்லாரும் வந்தார்கள், கோர்ட்டுக் கதவு திறக்கவில்லை. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. முசுறுக் கூடு குறைந்தது. நாம் கொண்டுபோய்ப் போட்டதையும் அழுங்கு பாதி தின்று பாதி விட்டது. வந்த புதிதில் பலகையைத் தூக்கித் தள்ளிய பிராணி, இப்போது அம்மிக்கல் இல்லாமலே உள்ளே கிடந்தது. ஒரு நாள் நான் கையில் எறும்பை வைத்து நீட்டினேன். மெல்லத் தலையை நீட்டி, அந்த நீள நாக்கால் என் உள்ளங்கையைத் தடவி எடுத்துவிட்டு, மறுபடியும் சுருண்டுகொண்டது. பல் இல்லை, கோபம் இல்லை, யாரிடமும் ஒரு புகாரும் இல்லை. எனக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்ததால் உங்களிடம் சொல்லவில்லை. அண்டா எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன்.

நீங்கள் அன்று சாப்பிடவில்லை. "இதுக்கு முந்தி நான் பிடிச்ச கேஸ்ல ஒரு தேவாங்கு, ரெண்டு ஆமை, ஒரு மலையணில். எல்லாத்திலயும் சர்க்கார் ஜெயிச்சாச்சு. எல்லாம் தீர்ப்பு வரக்குள்ள செத்தும் போச்சு" என்றீர்கள். "சட்டம் எழுதினவங்க நல்லாத்தான் எழுதியிருக்காவ டீச்சரே. இதுக்கு யாரு சோறு போடணும், எங்க கிடத்தணும்ணு மட்டும் எழுத மறந்துட்டாவ." வேலை போய்விடும் என்ற பயம் உங்கள் குரலில் அன்றைக்கு இல்லை. அதைவிடப் பெரிய வருத்தம் இருந்தது. அன்றுதான் நான் உங்களைக் கட்டிக்கொண்டதில் தப்பில்லை என்று முடிவு செய்தேன்.

கடைசியில் கோர்ட்டு கூடியது. அண்டாவைக் காளைவண்டியில் ஏற்றி, நீங்கள் ஒரு பக்கம் பிடிக்க நான் மறுபக்கம் பானையோடு உட்கார, கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒரு புறம் அண்ணன் ஆட்கள், மறுபுறம் குட்டப்பன் சேட்டன் ஆட்கள். மஜிஸ்திரேட்டு வடக்கே எங்கிருந்தோ வந்த மெலிந்த மனிதர். இரண்டு கட்சியையும் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறே கெட்டுப்போயிருந்தது என்று சொல்லுவார்கள். அண்டாவைக் கவிழ்த்தபோது தொண்டிமுதல் மேஜைமேல் உருண்டு நின்றது. தலை தெரியவில்லை, வால் தெரியவில்லை. முழுசாக ஒரு பந்து.

கட்சி வக்கீல் எழுந்தார். இது அழுங்குதான் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டார். மூக்கு உண்டா, காணவில்லை. கால் உண்டா, காணவில்லை. மேலெல்லாம் முள்முள்ளாக, உருண்டையாக இருக்கிறது. நம் நாட்டில் இப்படி இருக்கும் பொருளுக்குச் சக்கை என்றுதான் பெயர், பலாப்பழத்தைக் கொண்டுபோனவன் மேல் வனச் சட்டம் பாயுமா என்று கேட்டார். சர்க்கார் வக்கீல் பதறி எழுந்து சக்கைக்குக் காம்பு உண்டு என்றார். காம்பு இருக்கிறதா என்று இரண்டு வக்கீல்களும் குனிந்து தேடினார்கள். சேவகர் ஒரு குச்சியோடு வந்தார். நீங்கள் குறுக்கே பாய்ந்து, "குத்தப்பிடாது" என்றீர்கள். வெளியே இரண்டு கட்சியும் கோஷம் போட, உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, அழுங்கு இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. மஜிஸ்திரேட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தொண்டிமுதல் தானாக விரிந்து அடையாளம் காட்டும்வரை கேஸை ஒத்திவைப்பதாகச் சொன்னார்.

அப்போதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள். கோர்ட்டில் யாரும் கேட்காமல் ஒரு கார்டு பேசக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா?  "ஏமானே, இன்னொரு வாய்தா இது தாங்காது. செத்துப் போச்செங்கி நல்லா நீட்டி நிமிந்து கிடக்கும், அப்போ தலையும் வாலும் தெரியும், கேசும் ஜெயிக்கும். இதைச் சாவாமப் பாக்கத்தான் சட்டம். அந்தச் சட்டத்துக்காவ இதைக் கொன்னுட்டிருக்கது நானாக்கும்" என்றீர்கள்.  மஜிஸ்திரேட்டு கண்ணாடியைக் கழற்றி, பின்னே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "ஏமான் கண்ணால பாத்து, அளந்து, எழுதி வச்சிட்டு, இண்ணைக்கே காட்டுல விடச் சொல்லணும். கேசு பின்னால மெள்ள ஓடட்டும். காகிதத்துக்குப் பசிக்காது."

ஆனால் எதைப் பார்த்து எழுதுவது? அது அழுங்கு என்று நிரூபணம் ஆகவில்லையே என்று கட்சி வக்கீல் மறுபடியும் சக்கையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் கூண்டிலிருந்து செல்லையன் சத்தம் போட்டான். கழுத்தில் அன்றைய மாலை.

"எத்தற தடவ சக்கை சக்கைண்ணு சொல்லுவீரு? மலை ஏறி, பொந்துக்குள்ள தலைய விட்டு, முதுகுத் தோலு உரிஞ்சு பிடிச்சது நானாக்கும்! எனக்க அப்பன் பிடிச்சதைவிடப் பெருசு! நான் சக்கையா தூக்கிட்டு வந்தேன்?"

வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அண்ணன் தகரக் குழலைக் கீழே இறக்கியது எனக்குத் தெரிந்தது. மஜிஸ்திரேட்டு முகத்தில் முதல்முறையாக நிம்மதி வந்தது. குற்றம் ஒப்புக்கொண்டதற்குச் சின்ன அபராதம் விதித்தார். நீளம், சுற்றளவு, செதிலின் நிறம் எல்லாம் எழுதச் சொன்னார். அன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அழுங்கை எதிர்க்கட்சி கொண்டுபோய்விடும் என்று இரண்டு பக்கமும் கூச்சல் போட்டதால், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் கூடப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சேர்த்தார்.

அழுங்கை விடுவதற்கு ரேஞ்சு ஆபீஸ் ஜீப்பில் நாம் போனது உங்களுக்கு மறந்திருக்காது. முன்னால் கோர்ட்டு குமாஸ்தா. பின்னால் அண்ணனும் குட்டப்பன் சேட்டனும் முட்டி இடித்துக்கொண்டு எதிரெதிரே. பிடித்த இடத்தைக் காட்ட செல்லையன். நடுவில் அண்டா, அதைக் கட்டிப் பிடித்தபடி நான். மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இறங்கின உடனே தொடங்கிவிட்டார்கள். ஓடைக்கு இந்தக் கரை நெய்யாற்றின்கரைத் தாலூகா, அந்தக் கரை தமிழர் கூடுதலான விளவங்கோடு. அழுங்கை அந்தக் கரையில்தான் விட வேண்டும் என்று அண்ணன். "அது நடக்கில்லா, இக்கரெத் தன்னெ விடணும்" என்று குட்டப்பன் சேட்டன். நாளைக்கு எல்லை பிரிக்கும்போது அழுங்கு எந்த ராஜ்யத்தில் இருக்கும் என்று குமாஸ்தா வேறு யோசனையாகக் கேட்டார். நீங்கள் ஓடையின் நடுவில் இருந்த மணல் திட்டில் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தீர்கள். அது பந்தாகவே கிடந்தது. இவர்கள் கத்தக் கத்த அது அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். 

நீங்கள் திரும்பி நின்று, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னீர்கள்: "எல்லாரும் வாயைப் பொத்துங்க. இருங்க."

அண்ணன் உட்கார்ந்தான். குட்டப்பன் சேட்டன் உட்கார்ந்தார். குமாஸ்தா வேட்டியில் ஈரம் படுமே என்று பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வருஷங்களில் நம் பக்கத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே இடத்தில் பேசாமல் இருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். அண்ணனுக்கு வாய் துடித்தது. அவன் தோளைக் குட்டப்பன் சேட்டன் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அந்தப் பந்தின் ஓரத்தில் ஒரு மூக்கு வந்தது. காற்றை மோந்தது. பிறகு தலை, பிறகு முதுகு, கடைசியாக வால். தண்ணீர் ஓரம் போய் நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தது. குடித்துவிட்டு அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரைக்கும் வரவில்லை. ஓடை வழியாகவே மேலே நடந்து போயிற்று. நம்மில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லையன்தான் முதலில் கண்ணைத் துடைத்தான். அடுத்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன், அது நம் இருவருக்கும் தெரியும்.

கோர்ட்டில் கேட்காமல் பேசியதற்கு உங்களுக்கு மெமோ வந்தது. ஆனால் அதன் பிறகு உங்கள் ரேஞ்சில் உயிரோடு பிடிபட்டதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராக மஜிஸ்திரேட்டிடம், அங்கிருந்து நேராகக் காடு. எழுதப்படாத வழக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடந்தது. எல்லையும் ஒருநாள் பிரிந்தது. விளவங்கோடு தமிழ்ப் பக்கம், செங்கலும் நாமும் மலையாளப் பக்கம். அண்ணன் நாலு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தான். குட்டப்பன் சேட்டன்தான் கடையிலிருந்து சாயா கொண்டுபோய்க் கொடுத்தார். போன மாதம் நம் பஞ்சாயத்து ஹாலில் வனத்துறைப் பிள்ளைகள் வந்து வகுப்பு எடுத்தார்கள். அழுங்கைத் தொட்டாலே ஜெயில் என்று சொன்னார்கள். நான் எழுந்து, பிடிச்சதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "வைக்கமாட்டோம் அம்மச்சி, வீடியோ எடுத்து, டாக்டர் பாத்து, கோர்ட்டில சொல்லி உடனே விட்டிருவோம்" என்றாள் ஒரு பெண். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது. பிடித்தும்விட்டேன்.

இனி ஒன்றுதான் சொல்ல வேண்டும். இதைச் சிரிக்காமல் சொல்லப் பார்க்கிறேன். உங்கள் கடைசி நாட்களில் நீங்கள் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்துவிட்டீர்கள். கண் திறக்கவில்லை, பேச்சில்லை. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். உங்கள் பக்கத்தார் உங்களை நீங்கள் பிறந்த, எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சபைக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள், என் பக்கத்தார் இங்கேதான் என்றார்கள். ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, உங்கள் தலைமாட்டில் நின்று, எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சத்தம் போட்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, "எல்லாரும் வாயைப் பொத்துங்க!" என்று கத்திவிட்டேன். கிழவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் உட்கார்ந்தார்கள். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பக்கத்தில் இருந்து காத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் உங்கள் விரல் அசைந்தது. பிறகு மெல்லத் திரும்பினீர்கள். கண்ணைத் திறந்து, வாயை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "கொள்ளாம் டீச்சரே" என்று மெச்சினீர்கள். தண்ணீர் கேட்டுக் குடித்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. உங்களை எங்கே வைத்தோம் என்பதை நீங்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் இன்னும் வாயாடிதான், அது மாறவில்லை. ஆனால் எங்கேயாவது நாலு பேர் கூடி ஓர் உயிரை யார் பக்கம் என்று சத்தமாகத் தீர்மானிக்கத் தொடங்கினால், எழுந்து நின்று அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அது தானாகத் தலையை வெளியே நீட்டும்வரை காத்திருக்கிறேன். அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க என்னால் முடியும் என்று உங்களைத் தவிர வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.